நினைவு உலோகத்தின் மறக்கப்பட்ட உடன்பிறப்பு

1961ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஒயிட் ஓக் என்னும் இடத்தில் அமைந்திருந்த கடற்படைப் படைக்கல ஆய்வகத்தில் ஒரு நிர்வாகக் கூட்டம். உலோகவியலாளர் வில்லியம் பியூலர் அன்று கூட்டத்துக்கு வர இயலவில்லை. தம் உதவியாளர் ரேமண்ட் வைலியை அனுப்பியிருந்தார். வைலி கொண்டு சென்றது விசிறி மடிப்பாக மடிக்கப்பட்ட மெல்லிய உலோகப் பட்டை ஒன்று. எத்தனை முறை வளைத்தாலும் முறியாது என்று காட்டுவதற்காக அது கைமாறிக் கைமாறிச் சென்றது. அங்கிருந்த இணைத் தொழில்நுட்ப இயக்குநர் டேவிட் மஸி புகைக்குழாய் பிடிக்கும் வழக்கமுடையவர். பட்டை தம் கைக்கு வந்ததும், சூடாக்கினால் என்ன ஆகும் பார்ப்போம் என்று தம் தீமூட்டியை அதன் அடியில் பிடித்தார். மடிப்புகள் தாமாகவே விரிந்து, பட்டை நேராக நீண்டது.

அறிவியல் வரலாறு எழுதுவோர்க்கு இத்தகைய காட்சியைவிட வேறென்ன வேண்டும்? தன் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருக்கும் உலோகம். அதைக் கண்டுபிடித்தது ஒரு தீமூட்டி. நிட்டினால் பற்றிய பொதுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தக் காட்சியில் தொடங்கி, இதய நாளங்களை விரித்து வைக்கும் வலைக்குழாய்களிலும் உட்கார்ந்தாலும் உடையாத மூக்குக்கண்ணாடிச் சட்டங்களிலும் முடிகின்றன. அவை சொல்வதில் பொய் ஏதுமில்லை. ஆனால் பாதிக் கதை. பியூலர் தேடியது நினைவுள்ள உலோகத்தையன்று; வலிமையும் வெப்பமும் தாங்கும் உலோகத்தை. அவர் கைக்கு அந்நாளிலேயே கிடைத்த கடினமான உலோகம் ஒன்று, தீமூட்டியின் வெளிச்சம் வேறு பக்கம் விழுந்துவிட்டதால், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. அதன் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் போலாரிஸ் ஏவுகணையை உருவாக்கிக்கொண்டிருந்தது. வளிமண்டலத்துக்குள் மீண்டும் நுழையும்போது ஏற்படும் வெப்பத்தையும் அதிர்ச்சியையும் அதன் மூக்குக்கூம்பு தாங்கியாக வேண்டும். அதற்கேற்ற பொருளைத் தேடும் பணியில் இருந்தவர்களுள் பியூலரும் ஒருவர். அவர் செய்தது மாயமன்று, நூலகப் பணி. மாக்ஸ் ஹான்சன் தொகுத்த ஈருலோகக் கலவைகள் பற்றிய பெருநூல் 1958இல் புதிய பதிப்பாக வெளிவந்திருந்தது. இரண்டு உலோகங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் கூடி, ஒழுங்கான அணு அடுக்கோடு அமையும் இடையுலோகச் சேர்மங்களை அதிலிருந்து பொறுக்கியெடுத்தார். சில டஜன் பெயர்கள் பட்டியலாயின. பிறகு அது ஒரு டஜனாகக் குறைந்தது. ஒவ்வொன்றையும் உருக்கி, வார்த்து, சம்மட்டியால் அடித்துப் பார்த்ததில் பெரும்பாலானவை கண்ணாடி போல் நொறுங்கின. நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்தது மட்டும் அடியை வாங்கிக்கொண்டு நின்றது.

1959இல் அவர் அதற்கு இட்ட பெயர் நிட்டினால். நிக்கல், டைட்டானியம் ஆகிய இரண்டின் வேதிக் குறியீடுகளோடு ஆய்வகத்தின் ஆங்கில முதலெழுத்துகளையும் கூட்டிச் செய்த பெயர். (தமிழில் எழுதினால் மூன்றாம் வேற்றுமை உருபு ஏற்ற சொல் போல் தோன்றி, ‘எந்த நிட்டினால்?’ என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அதற்கு யான் பொறுப்பல்லேன்.)

தீமூட்டிக்கு முன்பே நடந்த வேறொரு நிகழ்ச்சி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. உருக்கி வார்த்த நிட்டினால் தண்டுகள் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தன. ஆறிப்போன ஒன்றை எடுத்துச் சாணைக்குக் கொண்டுபோகும் வழியில் பியூலர் அதைச் சிமெந்துத் தரையில் வேண்டுமென்றே போட்டார். ஒலியைக் கேட்டுக் கலவையின் தன்மையைக் கணிப்பது உலோகத் தொழிலில் பழைய முறை; பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல. தண்டு ஈயக்கட்டி விழுந்தாற்போல் மந்தமாக ஒலித்தது. உள்ளே விரிசல் கண்டிருக்குமோ என்ற அச்சத்தில் மற்றவற்றையும் போட்டுப் பார்த்தார். இன்னும் சூடு ஆறாதிருந்த தண்டு வெண்கல மணி போல் கணீரென்றது. உடனே அந்தச் சூடான தண்டைக் குடிநீர்க் குழாயடியில் காட்டிக் குளிரவைத்து மீண்டும் போட்டார். அதுவும் ஈயமாயிற்று.

இதைத் தற்செயல் என்று சொல்வோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. தண்டைத் தரையில் போடவேண்டும் என்று தோன்றியதும், விரிசல் என்று ஒதுக்கிவிடாமல் அடுத்ததைப் போட்டதும், குழாயடிக்கு நடந்ததும் தற்செயல்கள் அல்ல. தொழில் தெரிந்தவன் காதும் கையும் செய்த வேலை. அறை வெப்பநிலைக்கு அருகிலேயே அந்த உலோகத்தின் அணு அடுக்கு மாறுகிறது என்பதை அந்த ஒலி சொல்லிவிட்டது. மஸியின் தீமூட்டி பின்னால் காட்டியது அதே மாற்றத்தின் இன்னொரு முகத்தையே. 1962இல் ஆய்வகத்தில் சேர்ந்த ஃபிரெடரிக் வாங் அந்த அடுக்கு மாற்றத்தைப் படிகவியல் முறைப்படி ஆராய்ந்து விளக்கத் தொடங்கினார். வடிவ நினைவு என்பது உலகுக்கு முற்றிலும் புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். தங்கமும் காட்மியமும் சேர்ந்த கலவையில் அதற்கு அடிப்படையான நடத்தையை ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே ஓலாண்டர் 1932இலேயே கண்டிருந்தார். ஆனால் தங்கத்தையும் நச்சுக் காட்மியத்தையும் வைத்து யார் தொழில் செய்வார்?

இனிச் சற்றுக் கணக்கு. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இது இல்லாமல் பின்கதை விளங்காது.

நிக்கல் அணு டைட்டானியம் அணுவைவிடக் கனமானது. இரண்டையும் அணு எண்ணிக்கையில் சரிபாதியாகச் சேர்த்தால், எடையில் நிக்கல் 55 விழுக்காடும் டைட்டானியம் 45 விழுக்காடும் வரும். இதுவே 55-நிட்டினால்; நினைவுடையது இதுதான். எடையில் நிக்கலை 60 ஆக உயர்த்தினால், அணுக்கணக்கில் நூற்றுக்கு 55 நிக்கலும் 45 டைட்டானியமும் ஆகும். இது 60-நிட்டினால். எடைக் கணக்கின் 55 ஒன்று, அணுக் கணக்கின் 55 வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத நூல்கள் குறைவு. வேறுபாடு எடையில் வெறும் ஐந்து விழுக்காடுதான் என்றாலும் இரண்டும் வேறு வேறு உலகம். முன்னது வளையும், கம்பியாய் நீளும், நினைவு கொள்ளும். பின்னதைக் கடும் வெப்பத்திலிருந்து விரைந்து குளிரச் செய்தால் கருவி எஃகுக்கு இணையாகக் கடினப்படும். எஃகைப் போலக் காந்தத்தால் ஈர்க்கப்படாது. இரும்பே அதில் இல்லாததால் துருப்பிடிக்க ஏதுமில்லை. காந்தக் கண்ணிவெடிகளோடும் உப்புநீரோடும் வாழவேண்டிய கடற்படைக்கு இப்படியொரு உலோகம் வேண்டாமா என்று நாம் கேட்கலாம்.

வேண்டும்தான். ஆனால் செய்ய முடியவில்லை. 60-நிட்டினால் வார்ப்பில் வெடித்தது. கடைந்தால் கருவிமுனையைத் தின்றது. கடினப்படுத்தும்போது விரிசல் விட்டது. பக்கத்திலேயே 55-நிட்டினால் கம்பியாக இழுத்தால் இழுபட்டது. கூட்டத்தில் காட்டினால் கைதட்டும் கிடைத்தது. பியூலரும் வைலியும் 1965இல் பெற்ற காப்புரிமை நிக்கல் அடிப்படைக் கலவைகளைப் பற்றியதே ஆயினும், பணமும் ஆட்களும் நினைவின் பக்கம் சாய்ந்துவிட்டனர். இதில் குற்றம் சொல்ல எவருமில்லை. எளிதாகச் செய்யக்கூடியதையே தொழில் முதலில் எடுத்துக்கொள்ளும்.

55-நிட்டினாலின் வெற்றிப் பயணத்தை விரைவாகக் கடந்துவிடலாம். அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 போர்விமானத்தில் எண்ணெய்க் குழாய்களை இணைக்க ரேகெம் நிறுவனம் செய்த இணைப்பான்கள் அதன் முதற்பெரும் பயன். குளிர்ந்த நிலையில் விரித்து மாட்டிவிட்டால், சூடேறும்போது தானே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். 1970களில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல்வரிசை சீராக்கும் கம்பியாக்கினார். பின்னர் நாளங்களுக்குள் தானே விரியும் வலைக்குழாய் வந்தது. இடையில் ஒன்று. அந்த ஒயிட் ஓக் ஆய்வகம் 1990களில் மூடப்பட்டது. அதே நிலத்தில் இன்று இருப்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் தலைமையகம். நிட்டினால் வலைக்குழாய்களுக்கு அந்நாட்டில் அனுமதி வழங்கும் அமைப்பு. திட்டமிட்டு அமைத்தாலும் இப்படி அமையாது.

நாம் மற்றவனிடம் திரும்புவோம். அவனை மீண்டும் அழைத்தது ஏவுகணையன்று, பேரிங்.

பேரிங்கைத் தாங்கி என்று எழுதுவது பாடநூல் மரபு. பட்டறையில் அப்படிச் சொன்னால் எவரும் எடுத்துத் தரமாட்டார். ஆதலின் பேரிங் என்றே எழுதுகிறேன். ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், இடையில் உருளும் குண்டுகள். மிதிவண்டிச் சக்கரம் முதல் வானூர்தி எஞ்சின் வரை சுழல்வன யாவும் இதன் தயவில் சுழல்கின்றன. குண்டு வளையத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது; முழு எடையும் அந்தப் புள்ளியளவு இடத்தில் இறங்குகிறது. அவ்விடத்தின் பரப்பும் அழுத்தமும் எவ்வாறு அமையும் என்பதை 1880களின் தொடக்கத்தில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். வானொலி அலைகளால் பின்னர் பெயர்பெற்ற அதே ஹெர்ட்ஸ். அழுத்தம் எல்லை கடந்தால் வளையத்தில் சிறு குழி விழும். கண்ணுக்குத் தெரியாத அளவு குழியே போதும். அதன்பின் குண்டு அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்வு, அதிர்வு தேய்மானமாகும், தேய்மானம் முறிவாகும். உலோகத்தில் குண்டை அழுத்திக் குழியின் அளவால் கடினத்தை அறியும் முறையை 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய ஸ்வீடன் பொறியாளர் பிரினெல்லின் பெயரே இந்தக் குழிவிழும் நோய்க்கும் நிலைத்துவிட்டது. நோயைக் கண்டறிந்தவர் பெயரை நோய்க்கே சூட்டும் மருத்துவர் வழக்கம் இங்கும் நுழைந்திருக்கிறது.

ஆகவே பேரிங்கைக் கடினமான எஃகில் செய்தார்கள். நூறாண்டுக்கு மேலாகக் குரோமியம் கலந்த உயர்கார்பன் எஃகே இதன் அரசன். அதற்கு ஒரே பகை துரு. துருவுக்குப் பயந்து 440சி என்னும் துருவேறா எஃகை நாடினால், அதன் கடினத்துக்குக் காரணமான கார்பன் அதன் குரோமியத்தில் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்கிறது. எனவே பெயரளவில் துருவேறாதது, அமிலத்திலும் உப்பிலும் துருவேறும். சிலிக்கான் நைட்ரைடு என்னும் பீங்கான் குண்டுகள் துருப்பிடிப்பதில்லை, எஃகைவிடக் கடினமானவை. ஆனால் அவை நெகிழாதவை. நெகிழாத குண்டு எஃகு வளையத்தில் எளிதாகக் குழி பறித்துவிடும். மின்சாரத்தையும் அது கடத்தாது. இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு குறை.

தரையில் இக்குறைகளோடு வாழலாம். பேரிங் கெட்டால் கழற்றி மாற்றலாம். விண்வெளியில் அது எளிதன்று. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் திசையை நிலைநிறுத்தும் பெரும் சுழலிகள் நான்கில் ஒன்று 2002 ஜூனில் பேரிங் பழுதால் நின்றது. 2007இல் சூரியத்தகடுகளைச் சூரியன் பக்கம் திருப்பும் பெருமூட்டு ஒன்றில் உருளும் தடம் அரைபட்டு உலோகத் துகள் கொட்டிக் கிடந்தது. கெப்ளர் தொலைநோக்கியின் திசைச் சக்கரங்கள் நான்கில் இரண்டு, 2012இல் ஒன்றும் 2013இல் ஒன்றுமாக, பழுதாயின. அத்தோடு அதன் முதற்பணி முடிவுக்கு வந்தது. உலகங்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு கருவியை நிறுத்தியது சக்கர உராய்வு. இவை எல்லாவற்றுக்கும் துருவே காரணம் என்று நான் சொல்லவில்லை. பசை வற்றுதல், அதிர்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு. சிறு உறுப்பு ஒன்றைச் சார்ந்தே பெருங்கருவி நிற்கிறது என்பதற்கே இவற்றைக் காட்டினேன்.

துருவின் கதைக்கு வேறோர் இடம். 2008 நவம்பரில் எண்டெவர் விண்ணோடம் நிலையத்துக்கு நீர் மீட்கும் எந்திரத்தைக் கொண்டு சென்றது. (மேலே சொன்ன மூட்டைத் துடைத்துக் கிரீஸ் இட்டவர்களும் அதே பயணத்தில் சென்றவர்களே.) வீரர்களின் சிறுநீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்குவது அந்த எந்திரத்தின் வேலை. எடையற்ற நிலையில் நீர் பானையின் அடியில் தங்காது. எனவே சுழலும் உருளைக் கலத்தின் சுவரில் அதைப் பரப்பிக் கொதிக்கவைக்கிறார்கள். கலம் சுழலப் பேரிங் வேண்டும். பேரிங்கைச் சூழ்ந்திருப்பதோ அமிலம் கலந்த சிறுநீரின் ஆவி. எஃகுக்கு இதைவிடக் கொடிய நரகத்தைப் புராணங்களும் கற்பிக்கவில்லை.

இத்தகைய தேவைகளை முன்வைத்தே ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் உள்ள நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில் கிறிஸ்டோபர் டெல்லகோர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் 2000களின் பிற்பகுதியில் 60-நிட்டினாலைத் தூசி தட்டி எடுத்தனர். அவர்களது அறிக்கைகள் 2009 முதல் வரிசையாக வெளிவந்தன. நாசா அறிக்கைகளின் நடை வறண்டது. ஆயினும் அவற்றுள் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

நாம் பேச்சில் ‘கடினம்’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு பண்புகளைக் குறித்துவிடுகிறோம். ஒன்று, அழுத்தினால் நிலையான குழி விழாமை. மற்றொன்று, அழுத்தினால் கொஞ்சமும் வளைந்துகொடாமை. இதை விறைப்பு என்று பிரித்துச் சொல்லலாம். எஃகும் பீங்கானும் இரண்டும் ஒருங்கே உடையவை. அதனாலேயே இரண்டும் எப்போதும் ஒருங்கிருக்கும் என்று பொறியாளர்களே எண்ணிப் பழகிவிட்டார்கள். 60-நிட்டினால் அந்தப் பழக்கத்தைக் குலைத்தது. அது ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டிய கடினம் உடையது. நல்ல பேரிங் எஃகும் அவ்வளவே. ஆனால் அதன் விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழப் பாதி. எடையும் குறைவு: ஒரு கனசென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம் என்றால் இது 6.7 கிராம். விறைப்புக் குறைந்த குண்டு, பளு ஏறும்போது சற்றே நசுங்கித் தன் தொடுபரப்பைப் பெருக்கிக்கொள்கிறது. அதே பளு பரந்த இடத்தில் இறங்குவதால் அழுத்தம் குறைகிறது. எஃகு தாங்கக்கூடிய நெகிழ்ச்சியைப் பன்மடங்கு கடந்து நெகிழ்ந்தாலும், பளு நீங்கியதும் தழும்பின்றித் தன் வடிவுக்கு மீள்கிறது. குழி விழச்செய்ய எவ்வளவு பளு வேண்டும் என்று அளந்தபோது, அது சிறந்த கருவி எஃகுகளையும் விஞ்சி நின்றது. ஏவூர்தி புறப்படும் நிமிடங்களின் பேரதிர்வில் நிற்கும் பேரிங்குகளில் குழி விழுந்துவிடும் என்ற கவலை உடையவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 55-நிட்டினாலின் புகழுக்குக் காரணமான நினைவு, பழகும் வெப்பநிலைகளில் 60க்கு இல்லை. பேரிங்குக்கு அதுவே நற்பண்பு. வெயிலிலும் நிழலிலும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் வளையத்தை எந்த அச்சில் மாட்டுவது?

சரி, ஐம்பது ஆண்டுக்கு முன் செய்ய முடியாததை இப்போது எப்படிச் செய்தார்கள்? வார்ப்பதை விட்டார்கள். உருகிய கலவையை நுண்தூளாக்கி, அத்தூளை உறையிலிட்டு, எல்லாப் பக்கமும் சமமான வாயு அழுத்தத்தில் சூடாக்கித் திண்மமாக்கினார்கள். மென்மையான நிலையில் வடிவைக் கொண்டுவந்து, கடினப்படுத்திய பின் இறுதிச் சாணை பிடித்தார்கள். பீங்கான் குண்டுகளைச் செய்து செய்து தேர்ந்த சாணைத் தொழில் அதற்குள் வளர்ந்திருந்தது. அந்தக் கைத்திறனை இந்த உலோகம் கடன்வாங்கிக்கொண்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உலோகக் குண்டு செய்யும் அபாட் பால் நிறுவனம் இதில் நாசாவுடன் இணைந்து பணியாற்றியது. கண்ணாடி போல் பளபளக்கும் குண்டுகள் கிடைத்தன.

எஞ்சியது கடினப்படுத்தும் சிக்கல். பியூலர் காலத்துப் பழைய பகை.

60-நிட்டினாலில் நிக்கல் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. 1000 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் அந்த மிகை நிக்கல் முழுவதும் கரைந்து ஒன்றாகிவிடும். குளிரும்போது அது வெளியேறியாக வேண்டும். எந்த உருவில் வெளியேறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான்கு நிக்கலுக்கு மூன்று டைட்டானியம் என்ற விகிதத்தில், கோடிக்கணக்கான நுண்வில்லைகளாக நெருங்கிப் படிந்தால் உலோகம் கடினமாகும். மெதுவாகக் குளிர்ந்தால் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பருத்த துகள்களாகத் திரண்டு, நிக்கல் முழுவதையும் அவையே விழுங்கிவிடும், நுண்வில்லைகளுக்கு மிச்சமிராது, உலோகம் மென்மையாகவே நிற்கும். ஆகவே பருந்துகளுக்கு அவகாசம் தராமல் சட்டென்று குளிரவைக்க வேண்டும். அதாவது செந்தழலிலிருந்து எடுத்து நேரே நீரில்.

நம் கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்பார்கள். அரிவாளுக்கு உயிர் தருவது தோய்ச்சல்தான். புறநானூற்றின் 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார், பகைவன் இழந்த கானப்பேர்க் கோட்டை மீட்க இயலாதது என்பதற்கு, காய்ச்சிய இரும்பு குடித்த நீரை உவமையாக்குகிறார். கோட்டை போனதைச் சொல்ல வந்த புலவருக்குத் தோய்ச்சல் தொட்டி நினைவுக்கு வருகிறது என்றால், அக்காட்சி எவ்வளவு பழகியதாக இருந்திருக்க வேண்டும்! அரிவாள் மெலிந்தது, நீரில் இட்டாலும் உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குளிரும். தடித்த பேரிங் வளையம் அப்படியன்று. புறத்தோல் குளிர்ந்து சுருங்கி இறுகிவிட்ட நேரத்தில் உள்ளகம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளுக்கும் வெளிக்குமான இழுபறியில் தகைவு உறைந்து தங்கிவிடும். சில வளையங்கள் தொட்டியிலேயே வெடிக்கும். சில வெடிக்காமல் வெளிவந்து, சாணையில் வைக்கும்போது கோணும். சிறு குண்டுகளில் தப்பித்துக்கொள்ளலாம். உறுப்பு பருக்கப் பருக்க அபாயமும் பருக்கும். நீரின் வேகம் இல்லாவிட்டால் கடினம் இல்லை. நீரின் வேகம் இருந்தால் விரிசல்.

இதை அவிழ்த்தது ஹாஃப்னியம். 1923இல் கோபன்ஹேகனில் டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் டி ஹெவெசியும் கண்டறிந்த தனிமம்; அந்நகரின் இலத்தீன் பெயரான ஹாஃப்னியாவே இதற்குப் பெயரானது. அணு உலைக்காகச் சிர்க்கோனியத்தைத் தூய்மைப்படுத்துவோர் வேண்டாமென்று பிரித்தெடுக்கும் பொருள் இது. ஏனெனில் நியூட்ரான்களை விழுங்கிவிடும். தனிம அட்டவணையில் டைட்டானியத்தின் குடும்பம். டைட்டானியத்தின் இருக்கையிலேயே அமரும், ஆனால் பருத்த உடல். கிளென் மையத்தில் ரொனால்ட் நோபி முதலியோர் உயர்வெப்பத்திலும் வேலைசெய்யும் நினைவு உலோகங்களுக்காக ஹாஃப்னியத்தை நூற்றுக்கு இருபது அணு என்ற அளவில் சேர்த்து ஆராய்ந்து வந்தார்கள். நினைவின் பக்கம் சேர்ந்த அறிவு, நினைவில்லாதவனுக்கு இங்கே உதவிக்கு வந்தது. பேரிங் உலோகத்துக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. நூறு அணுவில் ஒன்று போதுமானதாயிற்று. 54 நிக்கல், 45 டைட்டானியம், 1 ஹாஃப்னியம். எடைக் கணக்கில் 57.6, 39.2, 3.2.

ஒற்றை அணு செய்வது என்ன? பருத்த துகள்கள் திரள்வதைத் தாமதப்படுத்துகிறது. மிகை நிக்கலும் சற்றே குறைக்கப்பட்டிருப்பதால் அத்துகள்களுக்குத் தீனியும் குறைவு. பருந்து வரத் தாமதமானால், தானியத்தை அள்ள அவசரப்பட வேண்டியதில்லை. நீரின் கொடிய வேகமின்றி நிதானமாகக் குளிரவைத்தாலும் மிகை நிக்கல் கலவைக்குள்ளேயே சிறைப்பட்டு நிற்கிறது. பிறகு மிதமான சூட்டில் வைத்து நுண்வில்லைகளைப் படியச் செய்து வேண்டிய கடினத்தை அடையலாம். உள்தகைவு குறைகிறது, கோணலும் விரிசலும் குறைகின்றன, பருத்த வளையங்களையும் செய்ய இயலுகிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் இக்கலவையை வைத்து அதன் உள்ளமைப்பைப் படித்து எழுதியிருக்கிறார்கள். பியூலர் காதால் கேட்டதை இவர்கள் கண்ணால் பார்த்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது சரியாகாது. பியூலர் கேட்டது வேறு மாற்றத்தின் ஒலி.

இதனால் எஃகின் அரசு கவிழ்ந்துவிடவில்லை. ஒரு தண்டைச் சுற்றி மூன்று குண்டுகளை அழுத்தி, பல கோடி முறை உருட்டி, மேற்பரப்பு எப்போது செதில் விடுகிறது என்று பார்க்கும் களைப்புச் சோதனை ஒன்றுண்டு. அதில் நிக்கல்-டைட்டானியம் எளிதாக வென்றுவிடவில்லை. ஒருமுறை வரும் பெரும்பளுவை எஃகைவிட நன்றாகத் தாங்கும் இவ்வுலோகம், இடைவிடாது உருளும் பெரும்பளுவை நல்ல பேரிங் எஃகின் அளவுக்குத் தாங்குவதில்லை. கலவையில் சிக்கிய ஆக்சைடு போன்ற மாசுத்துகள் ஒவ்வொன்றும் விரிசலுக்கு விதையாகிறது. ஆகவே ஜெட் எஞ்சினின் முதன்மை அச்சில் இதை எவரும் மாட்டப்போவதில்லை. மெதுவான சுழற்சி, மிதமான பளு, உப்பு, அமிலம், புறப்பாட்டின் அதிர்வு: இவை கூடும் இடங்களே இதன் இடம். விலையும் எஃகோடு ஒப்பிடத்தக்கதன்று.

பெயரும் இன்னும் அமையவில்லை. எடையில் நிக்கல் 57.6 ஆகிவிட்ட பின் அதை 60 என்று அழைக்க வழியில்லை. அறிக்கைகளில் மூன்று தனிமங்களின் குறியீடுகளை இணைப்புக்கோடு இட்டு எழுதுகிறார்கள். பியூலரைப் போலப் பெயர்சூட்டும் ஆசை கொண்ட எவரும் அந்த ஆய்வகத்தில் இதுவரை வாய்க்கவில்லை போலும்.